சாப்பாட்டு மேசையை முன்பே பிடிக்கலாமா?

அத்தியாயம் 6: வால்ட் டிஸ்னி வேர்ல்டில் உணவுத் திட்டம்

ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு டிக்கெட் எடுத்து முடித்ததும் அடுத்து எழும் கேள்வி சாப்பாடுதான். உணவகங்களில் முன்பதிவு செய்ய வேண்டுமா, போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

எல்லா வேளைக்கும் முன்பதிவு வேண்டாம். பயணம் முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ வேளைக்கு மட்டும் செய்யுங்கள். அந்த வேளைகளை 60 நாளுக்கு முன்பே பிடித்துவிடுங்கள். மீதிச் சாப்பாட்டைக் கைபேசியிலேயே அன்றன்றைக்கு முடித்துக்கொள்ளலாம். எந்த வேளையைப் பிடிப்பது, எதை விடுவது, எப்படிப் பிடிப்பது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

உணவகங்களில் எத்தனை வகை?

டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு பூங்காக்கள். நான்கிலும், சுற்றியுள்ள டிஸ்னி ஹோட்டல்களிலும் உணவகங்கள் உண்டு. முன்பதிவு நோக்கில் அவற்றை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

• கவுண்டர் உணவகம்: காசு கட்டி, தட்டை வாங்கி, இடம் பார்த்து உட்கார வேண்டும். இதற்கு முன்பதிவு கிடையாது; கைபேசியிலேயே ஆர்டர் செய்யலாம்.

• மேசை உணவகம்: பணியாளர் வந்து பரிமாறுவார். முன்பதிவு இல்லாமல் போனால் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். சில நாளில் இடமே கிடைக்காது.

• கதாபாத்திர உணவகம்: நீங்கள் சாப்பிடும்போது மிக்கி, டொனால்ட் போன்றவர்கள் மேசைக்கே வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். பல இடங்களில் பஃபே முறை. பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 50 முதல் 70 டாலர். வரியும் டிப்ஸும் தனி. இங்கு முன்பதிவு இல்லாமல் இடம் எதிர்பார்க்கவே வேண்டாம்.

முடிவெடுக்க மூன்று கேள்விகள்

ஒரு உணவகத்தின் பெயரைப் பார்த்ததும் ஆசைப்பட்டுப் பதிவு செய்யாதீர்கள். இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

1. இந்த இடத்தில் சாப்பாட்டைத் தாண்டி ஏதாவது கிடைக்கிறதா? மேஜிக் கிங்டத்தில் கோட்டைக்குள்ளேயே இருக்கும் சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள், விண்வெளி நிலையத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் அமைத்திருக்கும் எப்காட்டின் ஸ்பேஸ் 220, ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்வதைப் பார்த்தபடி சாப்பிடும் சனா ஆகியவை இந்த வகை. பசிக்கு ஒரு பர்கர் போதுமென்றால் மேசை உணவகம் தேவையில்லை.

2. அந்த நேரத்தைப் பூங்காவிடமிருந்து எடுத்துக்கொடுக்க மனம் வருமா? மேசை உணவகத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். போக வர நடக்கும் நேரம் வேறு. ஒரு நாளில் இரண்டு முன்பதிவு என்றால் ரைடுகளில் இரண்டு மூன்றை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

3. கூட வருபவர்களுக்கு உட்கார்ந்து ஓய்வெடுக்கும் தேவை இருக்கிறதா? தாத்தா, பாட்டி, கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்குக் குளிர்சாதன அறையில் ஒன்றரை மணி நேரம் என்பதே பெரிய லாபம்.

மூன்றில் இரண்டுக்கு "ஆம்" என்றால் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கவுண்டர் உணவகமே போதும்.

முன்பதிவு செய்யும் முறை

மேசையில் உங்கள் பெயர் எழுதிவைத்துக் காத்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். கல்யாணப் பந்தியில் அடுத்து விழும் இலை உங்களுக்கு என்பதைப் போன்ற ஏற்பாடு இது. சரியான நேரத்துக்குப் போனாலும் பத்து நிமிடம் நிற்க நேரலாம்.

1. நாளைக் கணக்கிடுங்கள். வெளி ஹோட்டலிலோ உறவினர் வீட்டிலோ தங்குபவர்கள், சாப்பிடும் நாளுக்கு 60 நாள் முன்பு பதிவு செய்யலாம். ஜூன் 14 இரவுச் சாப்பாடு என்றால் ஏப்ரல் 15. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு ஒரு சலுகை: தங்கத் தொடங்கும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கும் காலம் முழுவதற்கும் (அதிகபட்சம் 10 நாள்) ஒரே மூச்சில் பதிவு செய்யலாம். ஜூன் 10 முதல் தங்கினால், ஏப்ரல் 11 அன்றே ஜூன் 14-க்கும் சேர்த்து முடித்துவிடலாம்.

2. நேரத்தைக் குறித்துவையுங்கள். இணையப் பதிவு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 6 மணி வாக்கில் திறக்கும். இந்தியாவிலிருந்து பதிவு செய்பவர்களுக்கு அது கோடையில் மாலை 3.30, குளிர்காலத்தில் மாலை 4.30. கால் மணி நேரம் முன்பே உள்நுழைந்து தயாராக இருங்கள்.

3. கணக்கைத் தயார் செய்யுங்கள். டிஸ்னி வேர்ல்டு இணையதளத்தில் அல்லது மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் கணக்கு தொடங்கி, ஹோட்டல் பதிவையும் டிக்கெட்டையும் அதில் இணைத்துவிடுங்கள். ஹோட்டல் பதிவு இணையாமல் இருந்தால் 10 நாள் சலுகை கண்ணில் படாது.

4. அட்டையைச் சரிபாருங்கள். பதிவு செய்யக் கடன் அட்டை எண் கேட்பார்கள். இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் முடக்கி வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் முதல் நாளே அதைத் திறந்துவிடுங்கள்.

5. தலைக்கணக்கைச் சரியாகக் கொடுங்கள். கைக்குழந்தையும் எண்ணிக்கையில் சேர்த்தி. 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பஃபேயில் கட்டணம் கிடையாது. 3 முதல் 9 வரை குழந்தை விலை. 10 வயதானால் பெரியவர் விலை.

6. கடினமானதை முதலில் தேடுங்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குப் பயணத்தின் கடைசி நாட்களில் இடம் எளிதில் கிடைக்கும். உங்களுக்கு முன்பே வந்து சேர்பவர்கள் முதல் நாட்களை எடுத்திருப்பார்கள். கோட்டைச் சாப்பாட்டைப் பயணத்தின் பிற்பகுதியில் வைத்துத் தேடினால் வாய்ப்பு கூடும்.

7. உறுதிச் செய்தியை முழுவதும் படியுங்கள். பெரும்பாலான உணவகங்களில் 2 மணி நேரம் முன்பு வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம். சொல்லாமல் வராமல் இருந்தால் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள். ஆறு பேர் என்றால் 60 டாலர். டின்னர் ஷோ போன்றவற்றுக்கு முழுப் பணமும் முன்பே கட்ட வேண்டியிருக்கும். அவற்றின் ரத்து விதி வேறு.

குறிப்பு: ஏழு எட்டுப் பேருக்கு மேசை கிடைக்கவில்லையென்றால், அதே உணவகத்தில் அதே நேரத்துக்கு நான்கு பேர், மூன்று பேர் எனப் பிரித்துத் தேடுங்கள். அருகருகே உட்கார வைக்கும்படி வாசலில் கேட்கலாம். ஆனால் அது அவர்களுடைய வசதியைப் பொறுத்தது.

இடம் கிடைக்காவிட்டால்

"இடமில்லை" என்று திரை சொன்னதும் கைவிடாதீர்கள். 2 மணி நேரம் வரை ரத்து செய்ய வழி இருப்பதால், திட்டம் மாறியவர்கள் கடைசி நேரத்தில் மேசைகளை விட்டுவிடுகிறார்கள்.

1. முதல் நாள் இரவும் அன்று காலையும் மீண்டும் தேடுங்கள்.

2. பிற்பகல் 3 மணி, இரவு 8.30 போன்ற கேட்பாரற்ற நேரங்களைப் பாருங்கள்.

3. பூங்காவுக்குள் போனபின் செயலியில் காத்திருப்புப் பட்டியல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உணவகத்துக்கு அருகில் இருந்தால் செயலி வழியே பெயர் கொடுத்துவிட்டு, அழைப்பு வரும்வரை சுற்றிப் பார்க்கலாம்.

4. ஹோட்டல் உணவகங்களை நினைவில் வையுங்கள். அவற்றுக்குப் பூங்கா டிக்கெட் தேவையில்லை. கதாபாத்திர பஃபேக்குப் பெயர்போன செஃப் மிக்கீஸ், கன்டெம்பரரி ஹோட்டலில் இருக்கிறது. மேஜிக் கிங்டத்திலிருந்து நடந்தே போகலாம்.

முன்பதிவில்லாத வேளைகளுக்கு: மொபைல் ஆர்டர்

கவுண்டரில் பகல் 12 முதல் 2 மணி வரை நிற்கும் வரிசையைத் தாண்ட இதுதான் வழி.

1. செயலியில் உணவகத்தைத் தேர்ந்தெடுங்கள். மேஜிக் கிங்டம் என்றால் பீட்ஸா வகைக்குப் பினோக்கியோ வில்லேஜ் ஹவுஸ், அனிமல் கிங்டம் என்றால் டோஃபு போட்ட கிண்ணச் சாப்பாட்டுக்கு சாட்டூலி கேன்டீன்.

2. வாங்கிக்கொள்ளும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்ட நாட்களில் மதிய நேரங்கள் நிரம்பிவிடும். காலை 10 மணிக்கே மதியத்துக்கு ஆர்டர் போட்டு வையுங்கள்.

3. செயலியிலேயே பணம் கட்டுங்கள்.

4. உணவகத்தை அடைந்த பிறகே, வந்துவிட்டோம் என்று சொல்லும் பொத்தானை அழுத்துங்கள். அதை அழுத்தினால்தான் சமையல் தொடங்கும். அதுவரை ஆர்டரை மாற்றலாம், விட்டுவிடலாம்.

5. ஒருவர் ஆர்டரைக் கவனிக்கட்டும், மற்றொருவர் மேசை பிடிக்கட்டும். தட்டோடு இடம் தேடி அலைவதுதான் கவுண்டர் உணவகத்தின் பெரிய சிரமம்.

குறிப்பு: குளிர்பானம் ஊற்றித் தரும் கவுண்டர்களில் ஐஸ் போட்ட தண்ணீரை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். பாட்டில் தண்ணீருக்குச் செலவழிக்காதீர்கள்.

நான்கு நாள் மாதிரித் திட்டம்

கணவன், மனைவி, 4 வயதிலும் 8 வயதிலும் இரண்டு குழந்தைகள், இந்தியாவிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி என ஆறு பேர். பாட்டி சைவம்.

• முதல் நாள், மேஜிக் கிங்டம்: முன்பதிவு வேண்டாம். கால நேர மாற்றத்தில் இரவு 8 மணிச் சாப்பாடு தாத்தாவின் உடலுக்கு அதிகாலை 5.30. மதியம் மொபைல் ஆர்டர், மாலை சீக்கிரம் அறைக்கு.

• இரண்டாம் நாள், அனிமல் கிங்டம்: விலங்குகளைப் பார்க்கக் காலையே ஏற்றது. மதியம் 1.30-க்கு சனாவில் முன்பதிவு. இது பூங்காவுக்கு வெளியே அனிமல் கிங்டம் லாட்ஜில் இருப்பதால் போகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய மணம் கலந்த இடம். நான் வகை ரொட்டிகளும் தொட்டுக்கொள்ளச் சட்னி வகைகளும் சேர்ந்து வரும் தட்டு பாட்டிக்கும் பிடிக்கும்.

• மூன்றாம் நாள், எப்காட்: 11 நாடுகளின் அரங்குகளைச் சுற்றியபடியே சின்னச் சின்னதாக வாங்கிப் பகிர்ந்து சாப்பிடலாம். முன்பதிவு வேண்டாம்.

• நான்காம் நாள், மீண்டும் மேஜிக் கிங்டம்: குழந்தைகளுக்காகக் கதாபாத்திரக் காலை உணவு ஒன்று. 10.30 மணி வாக்கில் பிடித்தால் பூங்கா திறந்ததும் கூட்டமில்லாத நேரத்தில் ரைடுகளை முடித்துவிட்டு வரலாம். வயிறு நிறையச் சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

மொத்தம் இரண்டே முன்பதிவு. நான்கு நாளும் குடும்பத்தின் கையில்.

சைவர்கள் கவனிக்க

அமெரிக்காவில் "வெஜிடேரியன்" என்றால் முட்டை இருக்கலாம். சூப், சாதம், பீன்ஸ் ஆகியவற்றில் கோழிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. எனவே,

1. டிஸ்னி மெனுக்களில் இலைச் சின்னம் போட்ட உணவைத் தேடுங்கள். இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லாதது என்பது அதன் பொருள்.

2. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல், "இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்" என்று பட்டியலிட்டுச் சொல்லுங்கள்.

3. உருளைக்கிழங்கு வறுத்த எண்ணெயில் கோழியும் பொரித்திருக்கலாம். அது உங்களுக்கு முக்கியமென்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒவ்வாமை: இதில் அலட்சியம் கூடாது

வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர் குடும்பத்தில் இருந்தால் மேசை உணவகத்தை முன்பதிவு செய்வது பாதுகாப்பானது. பதிவின்போதே ஒவ்வாமையைக் குறிப்பிடுங்கள். உட்கார்ந்ததும் பணியாளரிடம் மீண்டும் சொல்லுங்கள். ஒருமுறை எழுதியிருக்கிறோமே என்று விடாதீர்கள். பஃபேயில் ஒரு கரண்டி இன்னொரு பாத்திரத்துக்குத் தாவுவது சகஜம் என்பதால் அங்கு கூடுதல் எச்சரிக்கை தேவை.

அவசர ஊசி மருந்தைக் கைப்பையில் வையுங்கள். லாக்கரிலோ காரிலோ வைக்க வேண்டாம். ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி நிலையம் உண்டு. நுழைந்ததும் அது எங்கே என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் தயங்காமல் 911-ஐ அழையுங்கள்.

கட்டுசாதம் கொண்டுபோகலாமா?

தாராளமாக. சொந்த உபயோகத்துக்கு வெளி உணவை டிஸ்னி வேர்ல்டு அனுமதிக்கிறது. நான்கு நிபந்தனைகள்: கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடாக்கவோ குளிரூட்டவோ தேவைப்படும் உணவு கூடாது, நெடி வீசும் உணவு கூடாது, மதுபானம் கூடாது. குளிர்ப்பெட்டியில் உதிரி ஐஸும் போடக் கூடாது. மூடிய ஐஸ் பொதிகளைப் பயன்படுத்துங்கள். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள்.

சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, முறுக்கு, பழம் எல்லாம் ஏற்றவை. தயிர்சாதத்தைத் தவிருங்கள், ஃப்ளோரிடா வெயிலுக்கு அது தாங்காது. சமைத்த உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண்துறையின் அறிவுரை. இட்லி, எலுமிச்சை சாதம், புளிசாதம் கொண்டுபோனாலும் அந்த நேரத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள், மதியத்துக்கு வைத்திருக்காதீர்கள்.

குறிப்பு: ஒவ்வொரு பூங்காவிலும் குழந்தைப் பராமரிப்பு மையம் உண்டு. கைக்குழந்தைக்கு உணவு ஊட்ட உயர நாற்காலி, பாலூட்ட அறை எல்லாம் அங்கே கிடைக்கும்.

பொதுவாக நேரும் தவறுகள்

• பூங்கா மாறிப் பதிவு செய்வது: எப்காட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஹாலிவுட் ஸ்டூடியோஸ் உணவகத்தில் சாப்பிட முடியாது. பூங்காவுக்குள் இருக்கும் உணவகத்துக்கு அந்த நாளில் அந்தப் பூங்காவுக்குள் நுழையும் டிக்கெட் வேண்டும். முதலில் எந்த நாள் எந்தப் பூங்கா என்று முடிவு செய்யுங்கள், பிறகு சாப்பாடு.

• பயண நேரத்தை மறப்பது: மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போனால் நிறுத்துமிடத்தில் இறங்கி, மோனோரயிலோ படகோ ஏறித்தான் வாசலை அடைய முடியும். காலை உணவு முன்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அறையை விட்டுக் கிளம்புங்கள். 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் உங்கள் முறை போய்விடலாம்.

• ரைடு நேரத்தோடு மோதவிடுவது: ரைடுகளில் நீண்ட வரிசையைத் தவிர்க்கப் பிடித்து வைக்கும் லைட்னிங் லேன் நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் நடுவே குறைந்தது அரை மணி இடைவெளி வையுங்கள்.

• ஒரே நாளுக்கு மூன்று உணவகங்களைப் பிடித்து வைப்பது: எதை ரத்து செய்வது என்பதைக் கடைசி நிமிடத்தில் மறந்தால் அபராதம் உங்கள் அட்டையில்.

• டிப்ஸைக் கணக்கில் சேர்க்காதது: மேசை உணவகத்தில் 18 முதல் 20 சதவீதம் வழக்கம். பெரிய குழுவுக்கு 18 சதவீதத்தை ரசீதிலேயே சேர்த்துவிடுவார்கள். ரசீதைப் பார்க்காமல் இரண்டாவது முறையும் கொடுத்துவிடாதீர்கள்.

• வெயிலில் பசியோடு நிற்பது: கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம். மழை தொடங்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் உணவகத்துக்குள் ஓடுவார்கள். மதியச் சாப்பாட்டை 11.15-க்கே முடித்துவிடுவது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் பையில் பிஸ்கட்டும் இனிப்பும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். முன்பதிவு நேரத்தை நம்பி மாத்திரை போட வேண்டாம், தட்டு வரும் நேரம் தள்ளிப்போகலாம்.

கிளம்பும் முன் சரிபார்ப்பு

1. எந்த நாள் எந்தப் பூங்கா என்று எழுதியாயிற்றா?
2. ஒவ்வொரு முன்பதிவின் நாள், நேரம், ரத்துக் கெடு குறித்தாயிற்றா?
3. தலைக்கணக்கில் குழந்தைகளும் சேர்ந்திருக்கிறார்களா?
4. ஒவ்வாமையும் சைவமும் பதிவில் குறிப்பிட்டாயிற்றா?
5. அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா? அதே அட்டை செயலியிலும் சேர்ந்திருக்கிறதா?
6. கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் இருக்கிறதா? டிக்கெட், ஆர்டர், முன்பதிவு மூன்றும் அந்த ஒரு கருவியில்தான்.
7. ரத்து செய்ய வேண்டியவை ஏதும் இருந்தால் இப்போதே செய்துவிட்டீர்களா? நீங்கள் விடும் மேசைக்கு இன்னொரு குடும்பம் காத்திருக்கும்.